தோய்த்தாலும் சாகாத கோழியுண்ணி

சென்ற பங்குனி மாதம், சொந்தக் காணி இன்னும் கைக்கு வராத குடும்பங்கள் வாழும் ஒரு குடியிருப்புக்கு நாம் போயிருந்தோம். போன காரியம் வீட்டுத்தோட்டத்துக்கு விதை கொடுப்பது. கிணற்றடியைத் தாண்டும்போது ஒரு தாய் எம்மை மறித்தார். அவருக்கு முன்னால் தோய்த்த உடுப்புகள் குவியலாகக் கிடந்தன. "பிள்ளையள், இதை மூன்றாந்தரம் தோய்க்கிறன். சவுக்காரமும் முடிஞ்சுது. பிறகும் இரவிலை பிள்ளையைக் கடிக்குது" என்றார். பக்கத்தில் நின்ற சிறுவனின் காலில் சிவந்த தடிப்புகள். அந்தத் தாய் குவியலிலிருந்து ஒரு பழைய சாரத்தை எடுத்து, தையல் மடிப்பை விரித்துக் காட்டினார். புளியங்கொட்டைத் தோலை ஒட்டி வைத்தாற்போல் தட்டையான மண்ணிறப் பூச்சி ஒன்று அதற்குள் இருந்தது. சற்று நேரம் செத்ததுபோல் கிடந்தது. ஈரம் வடிந்ததும் கால்களை நீட்டி நடக்கத் தொடங்கியது.

அது கோழியுண்ணி. அந்தச் சாரம் சில நாட்களுக்கு முன்புவரை அடைக்கோழியின் கடகத்துக்குள் முட்டைக்கு மெத்தையாக இருந்ததாம். குஞ்சு பொரித்த பிறகு, துணி வீணாகக் கூடாதென்று தோய்த்து, பிள்ளை படுக்கும் பாய்மேல் விரித்திருக்கிறார். இடம்பெயர்ந்து வாழும் வீட்டில் ஒரு முழச் சாரத்தையும் எவரும் எறிவதில்லை. அதைக் குறை சொல்ல எமக்கு மனம் வரவில்லை.

அவர் மூன்று தரம் தோய்த்ததற்கு நாமும் ஒரு வகையில் காரணம் என்பதை இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும். எமது கிராமக் கூட்டங்களில், கடி, சொறி, சிரங்கு என்று எவர் வந்து சொன்னாலும் ஒரே பதிலைத்தான் கொடுத்து வந்தோம்: "உடுப்பை நன்றாகத் தோயுங்கள், துப்புரவாக இருங்கள்." சிரங்குக்கு அந்தப் புத்திமதி ஓரளவு பொருந்தும். கோழியுண்ணிக்கு அது பொருந்தாது. பொருந்தாத புத்திமதி சொன்னதோடு நிற்காமல், சொன்னதைச் செய்தும் பலன் காணாதவர்களை "சரியாகத் தோய்க்கவில்லை" என்று நினைத்தும் விட்டோம். எம்மைப் போலவே முகாம்களுக்கும் குடியிருப்புகளுக்கும் வந்துபோகிற பலர் இன்றும் அப்படித்தான் நினைக்கிறார்கள். ஆகவே இந்த முறை விதைகளைப் பற்றி எழுத இருந்த இந்தப் பக்கத்தில் உண்ணியைப் பற்றி எழுதுகிறோம்.

முதலில் எது உண்ணி, எது பேன் என்பதைப் பிரித்தறிய வேண்டும். கோழிப்பேன் கோழியின் உடம்பிலேயே பிறந்து அங்கேயே சாகும்; மனிதரில் தங்காது. தூசிபோல ஊர்ந்து கையில் ஏறும் சின்னஞ்சிறு பூச்சி இன்னொரு வகை. சில இடங்களில் செள் என்பார்கள். அதுவும் கடிக்கும். ஆனால் கோழியில்லாமல் அது உண்ணியளவு நெடுங்காலம் தாக்குப்பிடிக்காது. கோழியுண்ணியின் சங்கதி வேறு. பகலில் அதைக் கோழியின் உடம்பில் தேடினால் காணமாட்டீர்கள். கூட்டின் பலகை வெடிப்பு, மரப்பட்டையின் அடி, கிடுகு மடிப்பு, சாக்கின் தையல் ஆகியவற்றுக்குள் ஒளிந்திருக்கும். இரவில் வெளியே வந்து, உறங்கும் கோழியில் ஏறி அரை மணி, ஒரு மணி நேரம் இரத்தம் குடித்துவிட்டு, விடியுமுன் திரும்பவும் வெடிப்புக்குள் போய்விடும். ஒவ்வொரு தரம் குடித்த பிறகும் பெண்ணுண்ணி 25 முதல் 100 வரை முட்டை இடும். முட்டையிலிருந்து வரும் ஆறுகால் குஞ்சு மட்டும்தான் கோழியை விட்டு இறங்காமல், செட்டைக்கு அடியில் 5 முதல் 10 நாள் வரை ஒட்டியிருக்கும். கோழியின் செட்டையைத் தூக்கிப் பார்க்கும்போது கருநீலப் புள்ளிகளாகத் தெரிவது அதுதான்.

இந்தப் பூச்சியின் பெரிய பலம் பட்டினி கிடப்பது. வளர்ந்த உண்ணி இரத்தமில்லாமல் இரண்டு வருடத்துக்கு மேலும் உயிரோடு இருக்கும். 1995 ஒக்டோபர் 30இல் வலிகாமத்தை விட்டு ஒரே இரவில் தென்மராட்சிக்கு நடந்தவர்கள் பலர், 1996 ஏப்ரலில் இருந்து திரும்பி வந்தார்கள். வந்தவர்களில் சிலர் எமக்குச் சொன்ன கதை ஒன்றுண்டு. வீட்டுக் கூரை போயிருந்தது, கோழிக்கூடு மட்டும் முழுசாக நின்றது. அதைப் பெரிய பாக்கியமென்று நினைத்து, எங்கோ வாங்கிய நான்கு கோழிகளை அதற்குள் விட்டார்கள். இரண்டு கிழமைக்குள் பூ வெளிறி, தலை தொங்கி, ஒவ்வொன்றாகச் செத்தன. கண்ணூறு என்றார் ஒருவர். கைவிட்ட வீட்டில் குடிபுகுந்த தோஷம் என்றார் இன்னொருவர். ஆறு மாதம் ஆளில்லாமல் கிடந்த அந்தக் கூட்டில் ஆறு மாதப் பசியோடு காத்திருந்தவை எவை என்று இப்போது எமக்கு விளங்குகிறது.

இனித் தண்ணீர் விஷயத்துக்கு வருவோம். மனிதரைப் போலவோ கோழியைப் போலவோ உண்ணி மூச்சு விடுவதில்லை. அதன் வயிற்றுப் பக்கத்தில் இரண்டு நுண்ணிய துளைகள் உண்டு. நினைத்தால் அவற்றை மூடிக்கொள்ளும். ஓடாமல் ஆடாமல் இருக்கும்போது அதற்குத் தேவையான காற்றோ மிகச் சொற்பம். தோலின்மேல் மெழுகுப் பூச்சு இருப்பதால் தண்ணீர் உள்ளே இறங்காது. அமெரிக்காவில் நாய்களைப் பிடிக்கும் ஒருவகை உண்ணியை ஆராய்ந்தவர்கள், அது தண்ணீருக்கு அடியில் நாட்கணக்கில் உயிரோடு இருப்பதையும், மூச்சுத் துளையைச் சுற்றி ஒட்டியிருக்கும் மெல்லிய காற்றுப் படலத்தின் வழியாகத் தண்ணீரிலிருந்தே பிராணவாயுவை எடுப்பதையும் 2011இல் வெளியிட்டார்கள். அப்படிப்பட்ட இனத்தை அரை மணி நேரம் வாளிக்குள் ஊறவைத்துக் கொல்லலாமென்று நாம் எண்ணினோம்.

தோய்ப்பது பற்றியும் அங்கே பரீட்சித்திருக்கிறார்கள். 2003இல் அமெரிக்க விவசாயத் திணைக்களத்து ஆராய்ச்சியாளர் ஒருவர், இரண்டு வகைக் காட்டு உண்ணிகளை உடுப்புகளோடு சலவை இயந்திரத்தில் போட்டுச் சுற்றவிட்டார். சவர்க்காரத்தை மாற்றி மாற்றிப் போட்டார். குளிர்நீரிலும் இளஞ்சூட்டு நீரிலும் பெரும்பாலானவை பிழைத்தன. ஒருவகை உண்ணி, இயந்திரத்தின் சுடுநீரிலும் பெருமளவு பிழைத்தது. பின்னர் 2016இல் வெளியான இன்னொரு ஆய்வு அளவையும் சொன்னது: தண்ணீர் 54 பாகை செல்சியசுக்குக் குறையாமல் சுட்டால்தான் எல்லாம் சாகும். சூடான உலர் இயந்திரத்தில் காய்ந்த துணியைப் போட்டால் ஆறு நிமிடமே போதும். ஈரத் துணியென்றால் ஏறத்தாழ ஒரு மணி நேரம் வேண்டும். அவை காட்டு உண்ணிகள். எமது கூட்டு உண்ணியின் தோலோ அவற்றைவிடத் தடிப்பு. ஆகவே தண்ணீருக்கு அது அவற்றிலும் இளைத்தது என்று நினைக்க ஒரு நியாயமும் இல்லை. சாரத்தின் மடிப்புக்குள் அன்று நாம் கண்டதும் அதைத்தான்.

எமது குடியிருப்புகளில் சலவை இயந்திரமும் இல்லை, உலர் இயந்திரமும் இல்லை. ஆனால் சூடு இருக்கிறது. முன்னே எமது ஊர்களில் சலவைத் தொழிலாளர்கள் துணியை வெள்ளாவி வைத்து அவித்தார்கள். அந்த ஆவியில் எந்த உண்ணியும் தப்பாது. நாம் "பழைய முறை" என்று கைவிட்ட வேலைகளில் அதுவும் ஒன்று. இன்று வீட்டில் செய்யக்கூடியது, சந்தேகமான துணியை மட்டும் பிரித்தெடுத்து, பானையில் கொதிக்கவைப்பதுதான். எல்லா உடுப்பும் வேண்டாம். கோழியோடு சம்பந்தப்பட்ட துணி, சாக்கு, பாய்மேல் விரித்தது ஆகியவை போதும்.

கொதிக்கவைக்கும் அளவுக்குப் பெரிய பானை இல்லாதவர்கள் கொதிநீரை வாளிக்குள் ஊற்றித் துணியை ஊறவைப்பார்கள். இங்கே ஒரு கணக்கு இருக்கிறது, அதைக் கவனியுங்கள். கிணற்றுத் தண்ணீர் ஏறக்குறைய 28 பாகை. ஒரு பங்கு கொதிநீருக்கு ஒரு பங்கு கிணற்று நீர் கலந்தால் 64 பாகை வரும். ஒரு பங்குக்கு இரண்டு பங்கு கலந்தால் 52 ஆகிவிடும். அந்த இரண்டு பாகைக் குறைவில் உண்ணி பிழைத்துக்கொள்ளும். வாளியும் துணியும் வேறு சூட்டை இழுக்கும். ஆகவே பச்சைத் தண்ணீர் கலக்காமல் ஊற்றி, தடியால் அமுக்கி மூடி, ஆறும்வரை விட்டுவிடுவதே நல்லது. கை வைக்கக்கூடிய இளஞ்சூடு உண்ணிக்கும் சுகமான சூடுதான். சின்னப் பிள்ளைகள் அந்தப் பக்கம் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். உண்ணிக்கடியைவிட வெந்த புண் கொடியது.

கரி ஸ்திரிக்கைப்பெட்டி உள்ளவர்கள் தையல்களையும் மடிப்புகளையும் அழுத்தி மினுக்கினால் அதுவும் பலன் தரும். கொடியில் காயப்போடுவதை நம்பாதீர்கள். காற்றில் ஆடும் துணி அவ்வளவு சூடேறாது, உண்ணியும் நிழல் மடிப்புக்குள் போய்விடும். நடுப்பகல் வெய்யிலில் சுடும் தகரத்தின்மேல், காய்ந்த துணியைத் தட்டையாக விரித்துப் புரட்டிப் போடுவது அதைவிட மேல். அதற்கும் அளவு, துணிக்கு அடியில் உள்ள தகரத்தில் கை வைத்திருக்க முடியாத சூடு இருக்க வேண்டும் என்பதே. தோய்ப்பதற்கு முன் சூடு காட்டுங்கள், பிறகு தோயுங்கள். ஈரத்துணி சூடேற நேரம் எடுக்கும் என்பதை மேலே சொன்ன ஆய்வும் காட்டியது.

இவ்வளவும் சொன்னாலும், துணி இந்தக் கதையில் ஒரு கிளைதான். வேர் கூட்டில் இருக்கிறது. உண்ணி துணிக்குள் குடியிருப்பதில்லை. ஒரு பகல் ஒளிக்க இடம் தேடி வருகிறது. அது ஏன் மனிதர் படுக்கும் இடம்வரை வருகிறது? கூடு வீட்டுச் சுவரோடு ஒட்டியிருப்பதால். கள்ளருக்கும் கீரிக்கும் பயந்து, கோழியைத் தறப்பாள் கொட்டிலுக்குள், கட்டிலுக்குக் கீழே, அட்டைப் பெட்டியில் அடைப்பதால். பத்துப் பேர்ச்சுக்குள் சமையல், படுக்கை, கோழி, விறகு எல்லாம் நெருங்கிக் கிடப்பதால். சொந்த வளவில் கோழிக்கூடு வேலியோரம் இருந்தது. 1990இல் வலிகாமம் வடக்கை விட்டு எழும்பியவர்களுக்கு வீட்டுக்கும் கூட்டுக்கும் இடையே ஒரு தென்னந்தோப்பே இருந்தது. இடம்பெயர்வுதான் கோழியையும் மனிதரையும் ஒரே பாயில் படுக்க வைத்தது. இதில் துப்புரவுக் குறைவு எங்கே இருக்கிறது? பவுசருக்கு வரிசையில் நின்று எடுத்த இரண்டு வாளித் தண்ணீரை, எம்மைப் போன்றவர்களின் சொல்லைக் கேட்டு, சாகாத பூச்சியின்மேல் ஊற்றிய தாயைப் பார்த்து "துப்புரவாக இருங்கள்" என்று சொல்ல இனி எமக்கு வாய் வராது.

வாழ்வாதார உதவி என்று கோழி கொடுப்பவர்களோடும் எமக்கு ஒரு வழக்கு உண்டு. ஒரு நிறுவனம் ஓரிடத்தில் குடும்பத்துக்குப் பத்துக் கோழி கொடுத்தது. படம் எடுத்தார்கள், கையெழுத்து வாங்கினார்கள். கூட்டுக்கு ஒரு தடியும் கொடுக்கவில்லை. மக்கள் தமக்குத் தெரிந்தபடி, உடைந்த கொட்டில்களின் பழைய பலகையும் பட்டை உரியாத கம்பும் பொறுக்கிக் கூடு கட்டினார்கள். அந்த வெடிப்புகளில் என்ன இருந்ததென்று எவரும் பார்க்கவில்லை. நான்கு மாதத்தில் பாதிக் கோழி போய்விட்டது. பின்னர் வந்து கணக்கெடுத்தவர்கள், "பராமரிப்பில் அக்கறை இல்லை" என்று எழுதிக்கொண்டு போனார்கள். பத்துக் கோழி கொடுப்பதற்குப் பதில் ஆறு கோழியும் கூட்டுக்கு இரண்டு தகரமும் கொடுத்திருந்தால் இன்று அங்கே முட்டை இருந்திருக்கும் என்பது எமது துணிபு. தகரத்தில் வெடிப்பில்லை. கணக்குப் புத்தகத்தில் பத்து என்பது ஆறைவிட அழகாகத் தெரியும் என்பதும் எமக்குத் தெரியும்.

கோழி சாகும்போது எல்லாவற்றையும் இராணிக்கெட் என்று சொல்லிவிடும் வழக்கமும் எம்மிடம் இருக்கிறது. உண்ணி இரத்தம் குடிப்பதோடு நிற்பதில்லை. ஸ்பைரோகீட்டோசிஸ் என்ற காய்ச்சலையும் கோழிக்குக் கொடுக்கும். கோழி இறகைச் சிலிர்த்துக்கொண்டு ஒடுங்கும், தண்ணீர் அதிகம் குடிக்கும், பச்சையாகக் கழியும், கால் தளரும். பார்வைக்கு இராணிக்கெட் போலவே இருக்கும். ஆனால் இராணிக்கெட் தடுப்பூசி இதைத் தடுக்காது. தடுப்பூசி போட்டும் செத்ததென்று ஊசியில் நம்பிக்கை இழந்தவர்களை நாம் கண்டிருக்கிறோம். இராணிக்கெட்டுக்கு ஊசியை விடாதீர்கள். ஊசி போட்ட கோழி கழிந்து சாகத் தொடங்கினால், கூட்டு வெடிப்பைக் கிளறிப் பாருங்கள். உண்ணியை ஒரு சிறு போத்தலில் போட்டு எடுத்துக்கொண்டு அரச கால்நடை வைத்திய அலுவலகத்துக்குப் போங்கள். நேரத்தோடு கண்டுபிடித்தால் பென்சிலினில் மாறக்கூடிய நோய் இது.

கூட்டுக்கு என்ன செய்யலாம்? பட்டை உரியாத கம்பும் பழம் பலகையும் வேண்டாம். ஏற்கெனவே இருந்தால், குடிசைகளுக்கும் கிடுகு வேலிக்கும் தூரமாகக் கொண்டுபோய், காற்றில்லாத நேரம் பார்த்து எரித்துவிடுங்கள். கொட்டில்கள் நெருக்கமாக உள்ள இடத்தில் தீ விளையாட்டல்ல. கோழி உறங்கும் தடியைப் பட்டை சீவி, வழுவழுப்பாக்கி, சுவரில் முட்டாமல் கம்பியில் தொங்க விடுங்கள். கூடு காலில் நிற்பதானால், ஒவ்வொரு காலையும் பழைய இயந்திர எண்ணெய் ஊற்றிய பேணிக்குள் வையுங்கள். தண்ணீர் ஊற்றி வைத்தால் நுளம்பு பெருகும், டெங்கு வரும். மண்சுவர்க் கூட்டின் வெடிப்புகளைச் சாணமும் மண்ணும் குழைத்து மெழுகி அடைத்துவிடுங்கள். மெழுகுமுன் கொதிநீரை வெடிப்புக்குள் நேரே ஊற்றுங்கள். கூடு காலியாகக் கிடந்தால் உண்ணி செத்துவிடும் என்று காத்திராதீர்கள். பட்டினியில் அது எம்மை வெல்லும்.

தோட்டத்துக்கு அடிக்கும் நஞ்சைக் கூட்டுக்குள் தெளிக்கும் பழக்கம் பரவி வருகிறது. வெங்காயத்துக்கு வாங்கிய மிச்சத்தைக் கோழியின் முதுகில் தடவியவரையும் பார்த்தோம். கோழி மூன்றாம் நாள் செத்தது. உண்ணி பகலில் கோழியின் முதுகில் இல்லையென்பது அவருக்குத் தெரியாது. முட்டை தின்னும் பிள்ளைகளை நினைத்தாவது இதை விடவேண்டும். கூட்டுக்கென்று மருந்து தேவையானால் கால்நடை வைத்தியரைக் கேட்டு, அவர் சொன்ன அளவில் பாவியுங்கள்.

புதிதாக ஒரு கோழி வாங்கினாலும், எவராவது அன்பளிப்பாகத் தந்தாலும், அதை நேரே கூட்டுக்குள் விடாதீர்கள். செட்டைக்கு அடியில் ஒட்டியிருக்கும் குஞ்சுண்ணி இறங்க 10 நாள் வரை செல்லும் என்றோமல்லவா? ஒரு அட்டைப் பெட்டியில் 10, 12 நாள் தனியே இரவில் அடையுங்கள். நிவாரணச் சாமான் வந்த பெட்டி போதும். பிறகு கோழியைக் கூட்டில் விட்டு, பெட்டியைக் கொளுத்துங்கள். செலவில்லாத இந்த ஒரு வேலையை மட்டும் எல்லோரும் செய்தால் ஒரு குடியிருப்பிலிருந்து இன்னொன்றுக்கு உண்ணி போகும் பெருவழி அடைபடும். இடம் மாறும்போது கூட்டுப் பலகையையும் சாக்குகளையும் கட்டிக்கொண்டு போவதும் அப்படித்தான். விட்டுப்போக மனம் வராது என்பது தெரியும். ஏற்கெனவே எவ்வளவோ விட்டு வந்தவர்களிடம் இதையும் விடுங்கள் என்று கேட்பது எமக்கும் இலகுவல்ல. கட்டாயம் கொண்டுபோகத்தான் வேண்டுமென்றால், ஏற்றுமுன் கொதிநீர் காட்டி ஏற்றுங்கள்.

அந்தத் தாயிடம் நாம் ஆனியில் திரும்பப் போனோம். சாரத்தைக் கொதிக்கவைத்துப் பிள்ளைக்கே மறுபடி விரித்திருந்தார். கூட்டை வீட்டுச் சுவரிலிருந்து பிரித்துப் பத்தடி தள்ளி வைத்திருந்தார். தகரம் கிடைக்கவில்லையாம், தறப்பாள் துண்டுதான் கூரை. அடுத்த அடைக்குக் கடகத்தில் துணி போடவில்லை, மணலும் வைக்கோலும் போட்டிருந்தார். "வைக்கோலை எரிச்சுப் போடலாம்தானே பிள்ளை, சாரத்தை எரிக்கேலுமோ" என்றார். பதினொரு முட்டை வைத்ததில் ஒன்பது பொரித்ததாகவும், மாரிக்கு முன் இரண்டு தகரம் எங்காவது எடுத்துத் தர முடியுமா என்றும் கேட்டார். இந்த இதழைப் படிக்கும் உதவி நிறுவனத்தார் எவராவது இருந்தால், அந்தக் குடியிருப்பில் இப்போதைய தேவை கோழியல்ல, தகரம்.